பன்னிரண்டு மாடியும் நீலிப் புறாவும்

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதர்களோடு பேசும். மனிதர்களும் அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்வார்கள். அப்போது கடலோரப் பட்டணத்தில் பனைமரத்தைவிட உயரமான வீடு ஒன்றுகூடக் கிடையாது.

அந்தப் பட்டணத்தின் பெரிய சாலையில், டிராம் வண்டிகள் திரும்பும் முனையில், வயிரவன் செட்டியார் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். ஊரே வாயைப் பிளந்தது.

"கடற்கரை மண்ணாச்சே, தாங்குமா?" என்றார்கள் சிலர்.

"புயல் அடிச்சா மொத்தமும் நம்ம தலை மேலதான்" என்றார்கள் மற்றவர்கள்.

செட்டியார் அசரவில்லை. பூமிக்குள் ஆழமாகத் தூண்களை இறக்கினார். சம்மட்டி இயந்திரம் அடித்த அடியில் பக்கத்துத் தெருவில் பானை சட்டியெல்லாம் குலுங்கியது. பிறகு கட்டடம் மளமளவென்று வளர்ந்தது.

அதைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டது நீலி என்ற புறாதான். எதிரில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தளம் போட்டு முடித்ததும், "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தும். வேலையாட்கள் சிரித்தபடி கையாட்டுவார்கள்.

கரும்பருந்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. பட்டணத்தில் தனக்கு மேலே யாரும் இருக்கக் கூடாது என்பது அதன் எண்ணம்.

"ஒருத்தன் மேலேயிருந்து விழட்டும், அப்புறம் இதுக்குள்ள எவன் கால் வைக்கிறான் பார்ப்போம்" என்று அது நீலியிடம் சொன்னது.

கட்டடம் முடிந்தது. ஆனால் குடிவர யாருக்கும் துணிச்சல் வரவில்லை. திறப்பு விழாவில் ஊர் மக்களை மொட்டைமாடி வரை ஏற்றிக் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று செட்டியார் நம்பினார்.

கடல் பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. உப்புக் காற்று உள்ளே வரக் கூடாதென்று அப்படிக் கட்டியிருந்தார்கள். அந்தச் சுவரின் உச்சியில்தான் கட்டடத்தின் பெயரை எழுத வேண்டும். பெயின்டர் தாவூத் கயிற்றில் தொங்கும் பலகையைக் கொக்கியால் சுவரோடு இழுத்து மாட்டி, அதில் உட்கார்ந்து எழுதினார். அவருடைய மைத்துனர் ஜமால் மொட்டைமாடியில் நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

விழா நாள். கீழே நாயனமும் தவிலும் முழங்கின. கடைசி எழுத்துக்குத் தாவூத் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்துக் கயிறு படீரென்று அறுந்தது. பலகை கவிழ்ந்து, மறுபக்கத்துக் கயிற்றையும் உருவிக்கொண்டு கீழே போனது. தாவூத் சுவரில் இருந்த ஒரு சாண் அகல விளிம்பில் கால் பதித்து, பல்லி போல ஒட்டிக்கொண்டார்.

நாயனம் நின்றது. "ஐயோ! ஐயோ!" என்று கூட்டம் அலறியது. செட்டியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜமால் வேறொரு கயிற்றை இறக்கினார். ஆனால் உச்சியில் கூரை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், கயிறு தாவூதுக்கு எட்டாத தூரத்தில் தொங்கியது. காற்று அதை இன்னும் தள்ளியது.

நீலி சிறகடித்து மாடிக்குப் போனது. "ஜமால் பாய்! கயிற்று நுனியில ஒரு சணல் கட்டி விடுங்க. நான் கொண்டுபோய் அவர் கையில கொடுக்கிறேன்!"

ஜமால் கயிற்றை மேலே இழுத்து, சணலைக் கட்டினார். "எந்தக் காரணத்துக்காகவும் வாயைத் திறந்துடாதே, தாயி!"

நீலி சணலைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. ஜமால் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். பாதி தூரத்தில் கரும்பருந்து குறுக்கே வந்து சிறகை விரித்தது.

"வழி வேணுமா? 'பருந்தே, விலகு'ன்னு ஒரு வார்த்தை கேளு. உடனே விலகிடறேன்!"

நீலி கேட்கவில்லை. அலகை இறுக்கிக்கொண்டு சட்டென்று கீழே சரிந்து, பருந்தின் வயிற்றுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் மேலே எழும்பியது. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது!

நீலி தாவூதின் தோளுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஆனால் அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். விரல்கள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின. மேலிருந்து ஜமால் கத்தியதைக் காற்று அடித்துக்கொண்டு போனது. "கண்ணைத் திறங்க!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சணல் போய்விடும்.

நீலி சொல்ல வேண்டியதையெல்லாம் அலகைத் திறக்காமலே தொண்டைக்குள் திரட்டித் தள்ளியது. கழுத்து உப்பியது.

"க்கும்... குக்கும்... குக்கும்..."

காதோரம் கேட்ட அந்த முனகலில் தாவூத் கண் திறந்தார். சிறகடிக்கும் புறாவையும் அதன் அலகில் இருந்த சணலையும் பார்த்தார். ஒரு கையை மெல்ல எடுத்து எட்டிப் பிடித்தார். சணலோடு கயிறும் வந்தது. இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டதும் ஜமாலும் மாடிக்கு ஓடிவந்த வேலையாட்களும் ஒரே மூச்சாக இழுத்தார்கள். ஜமால் அவருடைய அக்குளைப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டு, "மச்சான்!" என்று கட்டிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு கூட்டத்தைத் தடுக்க யாராலும் முடியவில்லை. நீலியைப் பார்க்கவென்று லிப்டிலும் படியிலும் முண்டியடித்து ஏறினார்கள். மேலே வந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள், கப்பலைப் பார்த்தார்கள், தங்கள் வீட்டுக் கூரையையே குனிந்து பார்த்துக் கைகொட்டினார்கள். பயந்து இறங்கியவர் ஒருவர்கூட இல்லை.

செட்டியார் மூச்சிரைக்க ஏறி வந்தார். "ஆத்தா, உனக்கு என்ன வேணும்? எதுன்னாலும் கேளு!"

நீலி பேச அலகைத் திறந்தது. குரல் வரவில்லை. பேச்சு முழுவதும் தொண்டைக்குள் போய்த் தங்கிவிட்டது. அலகை மூடிப் பார்த்தது, "குக்கும்" என்றது. பிறகு தத்தித் தத்திப் போய், நீட்டிய கூரைக்கு அடியில் கொத்தனார்கள் பூசாமல் விட்டிருந்த சந்தில் உட்கார்ந்துகொண்டது.

"அந்தச் சந்தை அடைக்காதீங்கப்பா" என்றார் செட்டியார்.

அன்றிலிருந்துதான் புறாக்கள் அலகைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே பேசுகின்றன. எந்த ஊரில் உயர்ந்த கட்டடம் எழும்பினாலும், ஆட்கள் குடிவருவதற்கு முன்பே அவை போய்க் குடியேறிவிடுகின்றன.