பட்டியலில் இல்லாத பெயர்

சங்கரலிங்கத்துக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தைந்து. இதில் சங்கரலிங்கத்துக்கு எந்த வருத்தமும் இல்லை.

சென்னை பெருங்குடியில் பத்து மாடிக் கட்டடம். அறுநூறு பேர் சேர்ந்து ஒரே ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மேகம் மட்டும் செய்வார். இன்னொரு பெண் ஒன்றரை வருடமாகச் சேற்றில் நடக்கும் காலடிச் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தாள். சங்கரலிங்கத்துக்குக் குதிரை. ராஜாவின் ஓலையைக் கொண்டுபோகிற வீரன் ஏறும் பழுப்புக் குதிரை. வீரன் யார், ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மீட்டிங் போடுவார்கள்.

குருவின் பெயர் பிரிசில்லா. அனிமேஷன் பிரிவுக்குத் தலைவி. சங்கரலிங்கம் சினிமா கிராஃபிக்ஸிலிருந்து வந்தவர். அவர் செய்த முதல் குதிரையைப் பார்த்துவிட்டு, "சார், நாற்காலிக்குக் குதிரைத் தோல் போர்த்தின மாதிரி இருக்கு" என்றார் பிரிசில்லா. அன்றிலிருந்து சங்கரலிங்கம் அவரைக் "குருவே" என்று கூப்பிட்டார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் கிண்டல் போய்விட்டது, வார்த்தை மட்டும் நின்றுவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலையில் பிரிசில்லாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"குருவே, ஒண்ணு கேக்கணும்."

"உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. "திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல வேலை கிடைச்சிருக்கு. அனிமேஷன் சொல்லிக் குடுக்கணும். ஜூன் ஒண்ணாந்தேதி சேரச் சொல்லுதாங்க."

"நல்லதுதானே. வீடு பக்கம்."

"பக்கந்தான். வீட்டுக்காரி வடிவும் பிள்ளையும் தென்காசியில கெடக்காங்க, நான் இங்க கெடக்கேன். மூணு வருசமா எம்மவ என்னைய போன்லதான் பாக்கா."

"அப்புறம் என்ன யோசனை?"

அப்போதுதான் உட்கார்ந்தார்.

கேம் பொங்கலுக்கே வந்திருக்க வேண்டியது. ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. போன வாரம் டிசம்பர் என்று அறிவித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கேம் முடிந்ததும் வேலை செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும். வெளியாகிற நாளில் யாரெல்லாம் வேலையில் இருக்கிறார்களோ அவர்கள் பெயர் மட்டும்தான் ஓடும். ஒரு வாரம் முன்னால் விலகியவருக்குக்கூடக் கிடையாது. இப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் யாரும் மாற்றியதும் இல்லை.

"ஜூன்ல போனா எம்பேரு வராது. பிள்ளை பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கா, எங்கப்பா பேரு வரும்னு. காலேஜ்காரங்க டிசம்பர் வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. மூணு வருச உழைப்பு குருவே. பேரில்லாம போனா, நான் இங்க இருந்ததுக்கு என்ன அடையாளம்? போகட்டுமா, இருக்கட்டுமா?"

 

பிரிசில்லா கேமை ஓடவிட்டு, கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். திரையில் ஒரு ஆற்றங்கரை. வீரன் குதிரைமேல் இருந்தான். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாததால் குதிரை சும்மா நின்றது.

அரை நிமிடம் போனது. சங்கரலிங்கம் நெளிந்தார். அவருக்கு வேண்டியது பதில். அந்தக் குதிரையை அவர் பார்க்காததா?

குதிரை பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்தது. இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது. ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது.

"டெஸ்ட் பண்றவங்க இந்த இடத்துல விளையாடறதை நிறுத்திட்டு இதையே பார்த்துட்டிருக்காங்க சார். எங்கே பிடிச்சீங்க இதை?"

சங்கரலிங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மெரினாவில. அஞ்சு மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை விடல. அங்க பக்கிரின்னு ஒருத்தரு சவாரிக் குதிரை வச்சிருக்காரு. நான் அது ஓடுறதையே படம் பிடிச்சிட்டிருந்தேன். அவருதான் அதட்டினாரு. 'ஓடறப்போ எல்லாக் குதிரையும் ஒண்ணுதாம்பா. நிக்கறப்போ பாரு, அப்பத்தான் அது இன்னா ஆளுன்னு தெரியும்'னு. என் கையப் பிடிச்சு அது இடுப்புல வச்சாரு. 'இப்போ மாத்தும் பாரு'ன்னாரு. சொன்ன மாதிரியே கால் மாத்திச்சு! காதைப் பாக்கச் சொன்னதும் அவருதான். சவாரிக்கு ஆள் வந்தாக்கூட, இருங்கன்னு சொல்லிட்டு எனக்குச் சொல்லிக் குடுப்பாரு."

"கேம் கடைசியில ஓடற பட்டியலுக்கு உங்க டீம் பேரெல்லாம் போன மாசம் நீங்கதானே எழுதி அனுப்பினீங்க?"

"ஆமா. ஒம்பது பேரு."

"கீழே நன்றின்னு ஒரு கட்டம் இருந்ததே."

"இருந்துச்சு. காப்பி மெஷின் ரிப்பேர் பாக்குற தம்பியைக்கூட அதுல..." சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.



"பக்கிரியைப் போடல" என்றார் சங்கரலிங்கம். அவருக்கு வெட்கமாக இருந்தது. "வேணும்னு விடல குருவே. ஞாபகத்துக்கே வரல. இப்பவே சேத்துடுதேன்."

"சேருங்க. ஆனா பட்டியல் நீளமாப் போச்சுன்னா தலைமை ஆபீஸ்ல முதல்ல நன்றியைத்தான் வெட்டுவாங்க. வெட்ட வெட்டத் திரும்பச் சேர்க்கறதுக்குக் கடைசி நாள் வரைக்கும் ஒரு ஆள் இங்கேயே உட்கார்ந்திருக்கணும்."

"அப்படியா?"

"அப்படித்தான். பக்கிரி பேருக்காக டிசம்பர் வரைக்கும் இருப்பீங்களா சார்?"

"அதெப்படி குருவே, பிள்ளை அங்க..." என்று ஆரம்பித்த சங்கரலிங்கம், தான் கேட்டதற்கும் அதுதான் பதில் என்று தெரிந்து எழுந்து நின்றார்.