மூடிய கதவும் ஒரே ஒரு விஷயமும்

சென்னை சாலிகிராமத்தில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. ஏ.சி. போட்ட இருட்டறையில் உட்கார்ந்து சினிமாப் படங்களை வெட்டி ஒட்டுவதுதான் தொழில். பெயர் மணிமொழி. எடிட்டர்களிலேயே கறாரானவர் என்று பெயர் எடுத்தவர்.

சீடர் அமலதாசன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். திருச்சியில் பாதி ஊரின் கல்யாண வீடியோக்களை எடுத்துத் தள்ளிவிட்டு, தலை நரைத்த பிறகு சினிமா கற்றுக்கொள்ள வந்தவர். ஆசைக்கு ஏது வயசு?

அவருக்கு முதல் தனி வேலை வந்தது. பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம் ஒன்றை இந்தக் காலத்து ஆட்களுக்குத் தோதாகச் சுருக்கித் தரச் சொல்லியிருந்தார் ஒரு தியேட்டர்காரர். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு காட்சி. ஜனம் உட்கார்ந்து பார்த்தால் அடுத்தடுத்த படங்களும் அமலதாசனுக்கே. எழுந்து போனால் திரும்பத் திருச்சி, திரும்ப மாலை மாற்றும் காட்சி.

"மேடம், இந்தப் படம் இப்ப ஓடுமா?" என்று கேட்டார் அமலதாசன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஓடாது மேடம். ஒரு இடத்துல அந்தப் பொண்ணு கையில லாந்தரை வச்சுக்கிட்டு மூடின கதவு முன்னாடி நிக்கிறா. உள்ள இருக்கிறது புருஷனா, புருஷனைக் கொன்னவனான்னு அவளுக்குத் தெரியாது. நல்ல இடம்தான். ஆனா நாலு நிமிஷம் நிக்கிறா! கடிகாரம் ஓடுது, அவ நிக்கிறா, கதவு மூடியே கிடக்கு. நான் அதை இருபது செகண்டா ஆக்கிட்டேன்."

"ஏன்?"

"கையில போன் வச்சிருக்கிறவன் எவன் மேடம் நாலு நிமிஷம் காத்திருப்பான்? கல்யாண வீடியோவையே முழுசாப் பாக்க மாட்டான். ஓட்டு, ஓட்டும்பான். தான் வர்ற இடம் வந்தாத்தான் நிறுத்துவான்."

மணிமொழி சிரித்தார். "வச்சிட்டுப் போங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் மதியம் அமலதாசன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது போனில் குருவின் செய்தி வந்தது.

'உங்க கட் பாத்தேன். ஒரே ஒரு விஷயம் சொல்லணும்.'

அவ்வளவுதான். குருவின் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

அமலதாசன் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தார். ரசம் ஆறியது. மனைவி கூப்பிட்டார். "அப்புறம் பேசுறேன் ஸ்டெல்லா, முக்கியமான வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டார். செய்துகொண்டிருந்த முக்கியமான வேலை, போனை முறைத்துப் பார்ப்பது.

நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரே ஒரு விஷயம் என்றால் அது பெரிய விஷயமாகத்தான் இருக்கும். பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவாரோ?

பொறுக்க முடியாமல் எழுந்து குருவின் அறைக்குப் போனார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் தயாரிப்பாளரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அது அந்த இடத்துச் சட்டம்.

அமலதாசன் நின்றார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். காலடிச் சத்தம் கதவு வரை வந்தது, திரும்பிப் போனது. பாவம், முழங்கால் வலிக்காரர். பக்கத்திலேயே ஸ்டூல் கிடந்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஒருவழியாக விளக்கு அணைந்தது. மணிமொழி வெளியே வந்தார்.

"என்ன சார், இங்கேயா நிக்கிறீங்க? எவ்வளவு நேரமா?"

"தெரியல மேடம். அந்த ஒரு விஷயம்..."

"போன்தான் கையில இருக்கே. வேற ஏதாவது பாத்துட்டு இருக்கலாமே."

"எப்படி மேடம் பாக்குறது? என்ன வரப்போகுதோன்னு இங்க உசுரு போய் உசுரு வருது!"

"சரி. நீங்க நின்னதை இப்ப நான் சுருக்கணும். எந்த இடத்துல வெட்டலாம், சொல்லுங்க."

குரு எங்கே வருகிறார் என்று அமலதாசனுக்குப் புரிந்தது. கோபமும் வந்தது.

"மேடம், இது என் பொழப்பு. அதான் நின்னேன். படத்துல நிக்கிறது யாரோ ஒரு பொண்ணு. பாக்கிறவனுக்கு என்ன வந்தது?"

"முதல் நிமிஷம் யாரோ ஒரு பொண்ணுதான்" என்றார் மணிமொழி. "கல்யாண வீடியோவை எங்க நிறுத்துவாங்கன்னு சொன்னீங்க?"

"தான் வர்ற இடத்துல..." என்று முனகினார் அமலதாசன். தன் இடத்துக்குப் போய், வெட்டிப் போட்டதையெல்லாம் தேடி எடுத்து மறுபடி ஒட்டினார்.

தியேட்டர்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "நாலு நிமிஷமும் இருக்காமே? ஜனம் எழுந்து போனா?"

"கதவு திறக்காம எவன் சார் எழுந்து போவான்?" என்றார் அமலதாசன். குரல் கணீரென்று இருந்தது. போனை வைத்த பிறகுதான் ஜெபமாலையைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை. தியேட்டர் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். கதாநாயகனின் மீசைக்கு விசில் அடித்தார்கள். பாட்டு வந்ததும் கூடவே கத்திப் பாடினார்கள். குருவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலதாசன் சட்டைப் பைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

லாந்தரோடு அந்தப் பெண் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பெல் அடி!" என்றான் ஒருவன். தியேட்டரே சிரித்தது.

கடிகாரம் ஓடியது. அவள் நின்றாள்.

அதே பையன் இன்னொன்று சொன்னான். இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவனும் பேசவில்லை.

அவள் நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ நகர்ந்தது. அவள் கையில் லாந்தர் ஆடியது.

அமலதாசனால் தாங்க முடியவில்லை. குருவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"மேடம், இப்பவாச்சும் சொல்லுங்க. அந்த ஒரு விஷயம் என்ன?"

முன்வரிசைப் பெண் சடாரென்று திரும்பினாள். மடியில் அவளுடைய போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து யாருடைய அழைப்பையோ எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

"அங்கிள், ப்ளீஸ், பேசாதீங்க. கதவு திறக்கப் போகுது!"

மணிமொழி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"இதுதான் சார்."