ரெண்டு காலும் ஒண்ணுபோல ஆகணும்

ஓணாம்பட்டி கபடி டீமு சாயங்கால பஸ்ஸுல ஏறுனா ஊருல இறங்காது. ஊரைத் தாண்டிப் போய் டெப்போவுலதான் இறங்கும். அங்கேருந்து வயக்காட்டு வழியா நடந்து வரும். பஸ்ஸு நிக்காம போயிடுதோன்னு நினைச்சிடாதீங்க. ஊரு முக்குல நல்லா நிக்கும். இவங்கதான் இறங்க மாட்டாங்க.

அந்த ஸ்டாப்பு ரோட்டுக்கு வடக்க இருக்குற ஓணாம்பட்டிக்கும் சொந்தம், தெக்க இருக்குற காரைக்குளத்துக்கும் சொந்தம். போர்டுல எந்த ஊரு பேரை எழுதுறதுன்னு சண்டை வந்து, கடைசில ஒரு முடிவு பண்ணாங்க. கோவில் கொடைத் திருவிழாவுல கபடி வைக்கிறது, ஜெயிச்ச ஊரு பேரு ஒரு வருஷத்துக்கு இருக்கட்டும்னு. போன கொடையில காரைக்குளம் ஜெயிச்சிடுச்சு. அதுலேருந்து கண்டக்டர் "காரைக்குளம் எல்லாம் இறங்கு"ன்னு கத்துவாரு. டவுன் மார்க்கெட்டுல மூட்டை தூக்கிட்டு வர்ற நம்ம ஆளுங்க ஏழு பேரும் சீட்டுல அசையாம உக்காந்திருப்பாங்க.

"நமக்கு காரைக்குளத்துல என்ன வேலை?"ன்னு கேப்டன் செவந்தியப்பன் கேப்பாரு.

"ஒரு வேலையும் இல்ல அண்ணாச்சி"ன்னு மத்தவங்க சொல்லுவாங்க. பஸ்ஸு போயிடும்.

இதுல ரொம்ப நொந்தவன் பேச்சிமுத்து. எதிராளி கட்டத்துக்குள்ள பாடிப் போய் தொட்டுட்டு வர்றதுல அவனை அடிச்சிக்க அந்த வட்டாரத்துலயே ஆள் கிடையாது. புதுசா கல்யாணம் ஆனவன். பொண்டாட்டி சந்தனமாரி தினமும் சோத்தை வடிச்சு வச்சிட்டு ஸ்டாப்புல வந்து நிப்பா. அவன் ஜன்னல் வழியா கையாட்டிக்கிட்டே போவான். அவளும் கையாட்டுவா. அவன் டெப்போவுல இறங்கி நடந்து வீடு வர்றதுக்குள்ள சோறு ஆறி விறைச்சுப் போயிருக்கும். கல்யாணம் ஆனதுலேருந்து அவன் சுடுசோறு தின்னதே இல்ல.

"இந்தக் கொடையில எப்படியாவது ஜெயிச்சிடுங்க"ன்னா அவ.

"ஜெயிச்சிடுதேன். நீ உலையை வையி"ன்னான் அவன்.

பிராக்டீஸ் ஆரம்பிச்சுது. மைதானத்து ஓரமா ஒரு குழி கிடந்துச்சு. "ஆளு விழுந்துடாம அந்தக் குழியை மூடுங்கலே"ன்னு செவந்தியப்பன் சொன்னாரு. உச்சிமாகாளி ஒரு தென்னை மட்டையைக் கொண்டாந்து குழி மேல போட்டு, அழகா மூடிட்டான். மறுநாளே பேச்சிமுத்து அதுல இடது காலை வச்சான். கணுக்கால் மடங்கிச்சு. பரங்கிக்காய் கணக்கா வீங்கிச்சு.

டவுனுல எஸ்தர்னு ஒரு பிசியோ டாக்டரம்மா. மாடியில கிளினிக்கு. அந்தம்மா காலை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பாத்துட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல, சவ்வு பிசகியிருக்கு. காலுக்கு நல்லா ரெஸ்ட் குடுங்க"ன்னு சொல்லிச்சு.

"எப்ப விளையாடலாம்னு ஒரு தேதி சொல்லுங்கம்மா"ன்னாரு செவந்தியப்பன்.

"தேதியைப் பாத்து விளையாடக் கூடாது அண்ணாச்சி. காலைப் பாத்துதான் விளையாடணும். இந்தக் காலும் அந்தக் காலும் ஒண்ணுபோல ஆகணும். கண்ணை மூடிக்கிட்டு அடிபட்ட கால்ல மட்டும் விழாம நிக்கணும். இது ரெண்டும் ஆச்சுன்னா விளையாடட்டும். இன்னொண்ணு, படி ஏறுறப்போ நல்ல கால் முதல்ல. இறங்குறப்போ அடிபட்ட கால் முதல்ல. மாத்தி வச்சா மறுபடி பிசகிக்கும்."

மாடிப்படி முழுக்க செவந்தியப்பன் சத்தமா சொல்லிக்கிட்டே வந்தாரு. "அடிபட்டது, நல்லது. அடிபட்டது, நல்லது." பேச்சிமுத்து அப்படியே இறங்கிட்டான். ஒரு பிசகும் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் ரெஸ்டு. காலுக்குத்தானே ரெஸ்டு குடுக்கச் சொன்னாங்க, ஆளுக்குக் குடுக்கச் சொல்லலியே. கட்டில்ல மெத்தை விரிச்சு, தலையணை போட்டு, இடது காலை மட்டும் அதுல வச்சாங்க. போர்வையும் போத்துனாங்க. மத்த உடம்பு கட்டிலுக்கு வெளிய ஒத்தக் கால்ல நின்னு விறகு பொளந்துச்சு. "மெதுவாப் பொள, காலு தூங்குது"ன்னு சந்தனமாரி ரெண்டு தடவை வந்து சொல்லிட்டுப் போனா.

அடுத்தது தேதி. ஊருல இருந்த காலண்டரை எல்லாம் கழட்டி, பத்திரமா கிணத்துல போட்டாங்க. அப்புறம்தான் உச்சிமாகாளிக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு.

"அண்ணாச்சி, தேதியைப் பாக்காம கொடை என்னைக்குன்னு எப்படித் தெரியும்?"

"காரைக்குளத்துக்காரங்க பாப்பாங்கல்லா. அவங்களுக்கு சுளுக்கு இல்லியே. அன்னைக்கு வந்து ஒரு சத்தம் குடுக்கச் சொல்லு."

உச்சிமாகாளி காரைக்குளத்துக்குப் போயி, அவங்க கோச் ஐயம்பெருமாள்கிட்ட விவரமா சொன்னான். "எங்க பேச்சிமுத்துவுக்கு ஒரு காலு பிசகிடுச்சு. அதனால நாங்க தேதி பாக்கக் கூடாது. மேட்ச் அன்னைக்கு நீங்கதான் வந்து கூப்பிடணும்."

ஐயம்பெருமாளுக்கு வாய் காது வரைக்கும் போயிடுச்சு. "கண்டிப்பா கூப்பிடுதோம் தம்பி. எந்தக் காலு?"

உச்சிமாகாளி யோசிச்சான். "எதிரிகிட்ட அதையெல்லாம் சொல்லுவாங்களா?"ன்னு கெத்தா சொல்லிட்டு வந்துட்டான்.

நாள் போச்சு. எத்தனை நாள்னு யாருக்கும் தெரியாது. வெயிலுகந்தான்னு ஒருத்தன், டீமுல யோசிக்கிற வேலை அவனுக்கு. தினமும் பேச்சிமுத்துவோட ரெண்டு கணுக்காலையும் நூலு சுத்தி அளந்து பாப்பான். இடது காலு நூலு நீளமாத்தான் இருந்துச்சு.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். டாக்டரம்மா என்ன சொன்னாங்க? அடிபட்ட காலு நல்லாகணும்னா சொன்னாங்க?"

"ரெண்டும் ஒண்ணுபோல ஆகணும்னாங்க."

"அதான். வீங்குன காலு வடிய மாசக் கணக்கு ஆவுது. நல்ல காலு வீங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"இவன் நம்ம ஊருல பொறந்ததுதான் தப்பு"ன்னாரு செவந்தியப்பன், கண்ணு கலங்கி.

பேச்சிமுத்துவும் சரின்னுட்டான். அவன் கண்ணு முன்னால ஆவி பறக்க ஒரு தட்டு சோறு நின்னுச்சு. நேரா அதே குழிக்குப் போனாங்க. மட்டையை எடுத்துட்டு, வலது காலை வச்சுக் குதிச்சான். காலு கும்முனு நேரா நின்னுச்சு. திரும்பக் குதிச்சான். அப்பவும் நேராத்தான் நின்னுச்சு. கண்டமேனிக்குக் குதிச்சும் பாத்தான். பொழுது சாஞ்சுதே ஒழிய காலு மடங்கல.

"மடக்கி வையிலே."

"மடங்க மாட்டேங்குது அண்ணாச்சி. ரொம்பத்தான் நல்ல காலா இருக்கு."

"பக்கத்துக் காலுக்கு ஒரு கஷ்டம்னா கூட நிக்காண்டாமா? என்ன காலுலே அது"ன்னு உச்சிமாகாளி வைதான்.

செவந்தியப்பன் மட்டையைத் திரும்ப குழி மேல போட்டு மூடிட்டாரு. "இதை நாளைக்குப் பாப்போம். அந்தக் கண்ணை மூடுற பரீச்சையையாவது முடிப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

ஏழு பேரும் கண்ணை மூடுனாங்க. பேச்சிமுத்து இடது கால்ல நின்னான்.

"நிக்கியாலே?"

"நிக்கேன்னுதான் நினைக்கேன்."

"வெயிலுகந்தா, நிக்கானா பாரு."

"கண்ணை மூடியிருக்கேன் அண்ணாச்சி. நீங்க பாருங்க."

"நான்தானே மூடச் சொன்னேன், நானே திறப்பேனா?"

இதுக்கு நடுவுல பேச்சிமுத்துவோட இடது காலு வலி தாங்காம ஆடிச்சு. நல்ல காலை ஊனி நொண்டுனான். இங்கிட்டு ஒரு நொண்டு, அங்கிட்டு ஒரு நொண்டு. அப்புறம் மட்டை முறியுற சத்தமும், "அம்மா"ங்கிற சத்தமும் சேந்து கேட்டுச்சு.

"யாரோ விழுந்த மாதிரி இருக்கு"ன்னான் உச்சிமாகாளி.

"திறந்து பாக்கலாமா?"

"எப்பத் திறக்கணும்னு டாக்டரம்மா சொல்லலியே."

அப்படியே நின்னாங்க. குழிக்குள்ளேருந்து பேச்சிமுத்துவும், "இன்னும் எவ்வளவு நேரம் மூடணும் அண்ணாச்சி?"ன்னு மரியாதையா கேட்டான். கடைசில சந்தனமாரி தேடிட்டு வந்து, "சோறு ஆறுது, இங்க கண்ணை மூடிட்டு என்ன பண்ணுதீங்க?"ன்னு அதட்டுனதுக்கு அப்புறம்தான் திறந்தாங்க.

வெயிலுகந்தான் ஓடிப்போய் நூலைச் சுத்துனான். புதுசா வீங்குன வலது காலைச் சுத்தி, இடது காலைச் சுத்தி, ரெண்டு நூலையும் சேத்துப் புடிச்சான். ஒரு மயிரிழை கூட வித்தியாசம் இல்ல.

"ஒண்ணுபோல ஆயிடுச்சு"ன்னான், நூலைத் தூக்கிக் காட்டி.

"அந்தப் பரீச்சை? விழாம நின்னானா?"

"விழுந்ததை யாராவது பாத்தீங்களாலே?"ன்னாரு செவந்தியப்பன்.

யாரும் பாக்கல. அப்ப விழலன்னு முடிவாச்சு. பேச்சிமுத்துவை விளையாட அனுமதிச்சு, தோள்ல தூக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தாங்க. அவனால நடக்க முடியாததால அது வசதியாவும் இருந்துச்சு.

சொன்ன சொல்லு மாறாம காரைக்குளத்துலேருந்து ஒருத்தன் வந்து, "இன்னைக்குத்தான் மேட்ச்"ன்னு சத்தம் குடுத்துட்டுப் போனான்.

அங்க ஐயம்பெருமாள் தன்னோட ஆளுங்களுக்குப் பாடம் நடத்திக்கிட்டிருந்தாரு. "அவனுக்கு ஒரு காலு பிசகு. எந்தக் காலை இழுக்கானோ அந்தக் காலைப் பிடிங்க. நல்ல காலைத் தொட்டுடாதீங்க, உதறிட்டு ஓடிடுவான்." அவங்க தலையை ஆட்டுனாங்க. நடுவுல ஒரு ரோடு இருந்தாலும், ரெண்டு ஊரும் ஒரே வாய்க்கால் தண்ணியைத்தான் குடிக்குது.

விசில் ஊதுனாங்க. பேச்சிமுத்து "கபடி கபடி"ன்னு பாடிக்கிட்டு கோட்டைத் தாண்டுனான். நடந்து இல்ல, தவழ்ந்து. ரெண்டு காலும் பின்னால இழுத்துக்கிட்டு வந்துச்சு.

காரைக்குளத்து ஆளுங்க ஏழு பேரும் அவனைச் சுத்தி நின்னாங்க. குனிஞ்சு பாத்தாங்க.

"இடதைப் பிடிலே, அதான் இழுக்கு."

"வலதும்லா இழுக்கு."

"கோச் ஒரு காலுன்னுதானே சொன்னாரு. இதுல ஒண்ணு நடிக்குது."

"எது நடிக்குது?"

"தெரிஞ்சா இந்நேரம் இன்னொண்ணைப் பிடிச்சிருக்க மாட்டேனா?"

இன்னும் நல்லாக் குனிஞ்சாங்க. ஏழு தலையும் கைக்கு எட்டுற தூரத்துல வந்துச்சு. பேச்சிமுத்து "கபடி கபடி"ன்னு ஒவ்வொரு தலையா தட்டிட்டு, திரும்பித் தவழ்ந்து கோட்டுக்கு வந்து சேந்தான். அவங்க அப்பவும் அவன் போன தடத்தைப் பாத்து, எந்தக் காலு ஆழமா இழுத்திருக்குன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நடுவர் வந்து ஏழு பேரும் அவுட்டுன்னதுக்கு, "இருங்க சார், முதல்ல காலு எதுன்னு முடிவாகட்டும்"ன்னுட்டாங்க. மேட்ச் முடியுற வரைக்கும் அது முடிவாகல. ஓணாம்பட்டி ஜெயிச்சிடுச்சு.

அன்னைக்கே போர்டுல பேரை மாத்தி எழுதுனாங்க. மறுநாள் கோப்பையையும் பேச்சிமுத்துவையும் லோடு ஆட்டோவுல ஏத்தி, டவுன் மார்க்கெட்டு முழுக்கக் காட்டுனாங்க. திரும்புறது மட்டும் சாயங்கால பஸ்ஸுலதான்னு அவன் சொல்லிட்டான். ஜெயிச்சதே அதுக்குத்தானே. பஸ்ஸுல ஏறுறது கஷ்டமா இல்ல. அந்த நேரத்து பஸ்ஸுல யாரும் காலால ஏறுறது கிடையாது, கூட்டமே ஏத்தி விட்டுடும்.

பஸ்ஸு ஊரு முக்குல நின்னுச்சு. "ஓணாம்பட்டி எல்லாம் இறங்கு"ன்னு கண்டக்டர் கத்துனாரு. ஏழு பேருக்கும் புல்லரிச்சுப் போச்சு. கீழ புது போர்டுக்கு அடியில சந்தனமாரி நின்னா. உலை கொதிக்கிற வாசனை அவ சேலையிலயே வந்துச்சு. முதல் ஆளா பேச்சிமுத்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு படிக்கட்டுக்கு வந்து காலைத் தூக்குனான். அப்படியே நின்னான்.

"அண்ணாச்சி, இறங்குறப்போ எது முதல்ல?"

"அடிபட்டது முதல்ல. அப்புறம் நல்லது."

"அதான், அடிபட்டது எது?"

செவந்தியப்பன் குனிஞ்சு பாத்தாரு. "ரெண்டும்லா அடிபட்டிருக்கு."

"அப்ப ரெண்டையும் முதல்ல வைக்கட்டும்"ன்னான் உச்சிமாகாளி.

"வச்சிட்டு? ரெண்டாவதா வைக்க நல்லது வேணும்லா. அதுக்கு எங்க போவ?"

வெயிலுகந்தான் நூலை எடுத்து அளந்தான். ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. நல்லா அளவு எடுத்துத்தான் பண்ணியிருந்தாங்க. பின்னால ஆறு பேரு வழி கிடைக்காம நின்னாங்க. மூட்டை தூக்குறவங்கதான், ஆனா அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தாங்க.

"யோவ், இறங்குதியா இல்லியா?"ன்னாரு கண்டக்டர்.

"ஒரு நல்ல காலு இருந்தா இறங்கிடுவேன் சார்."

விசில் ஊதிட்டாரு. பஸ்ஸு கிளம்பிடுச்சு. பேச்சிமுத்து படியில நின்னுக்கிட்டு கையாட்டுனான். சந்தனமாரியும் ஆட்டுனா.

டெப்போவுல டிரைவரும் கண்டக்டரும் சேந்து அவனை எமர்ஜென்சி கதவு வழியா இறக்குனாங்க. அதுக்குப் படி கிடையாது. தோள்ல தூக்கிட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள சோறு ஆறிடுச்சு. அப்புறம் காலுக்குக் கட்டு மாத்த டவுனுக்குப் போயிட்டு வர்றப்பவும் தினமும் இதே கதை. ஒருநாள் சந்தனமாரி யோசிச்சா. "நீங்க இங்க இறங்கலன்னா என்ன, நான் அங்க வந்துடுதேன்." அவன்கிட்ட சொல்லாம, தூக்குச்சட்டியில சுடுசோத்தைப் போட்டுக்கிட்டு, முந்துன பஸ்ஸைப் பிடிச்சு டெப்போவுல போய் நின்னா.

அன்னைக்குன்னு பாத்து, முதல்ல பிசகுன இடது காலு முதல்ல குணமாயிடுச்சு. பேச்சிமுத்து "அடிபட்டது, நல்லது"ன்னு ஜம்முனு ஓணாம்பட்டியில இறங்கிட்டான். வீடு பூட்டிக் கிடந்துச்சு. அவ டெப்போவுக்குப் போயிருக்குறதா பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அடுத்த பஸ்ஸுல, "நல்லது, அடிபட்டது"ன்னு ஏறி டெப்போவுக்குக் கிளம்பிட்டான்.

அவளும் இவனைக் காணோமேன்னு டெப்போவுலேருந்து ஊரு வழியா டவுன் போற பஸ்ஸுல ஏறியிருந்தா. வாய்க்கால் பாலத்துல ரெண்டு பஸ்ஸும் எதிரெதிரா வந்துச்சு. ரெண்டு பேரும் ஜன்னல் வழியா கையாட்டிக்கிட்டாங்க. அவ தூக்குச்சட்டியைத் தூக்கிக் காட்டுனா. ஆவி பறந்துச்சு.

அவ பஸ்ஸு ஊரு முக்குல நின்னுச்சு. "ஓணாம்பட்டி எல்லாம் இறங்கு"ன்னு கண்டக்டர் கத்துனாரு.

சந்தனமாரி தூக்குச்சட்டியை மடியில வச்சிக்கிட்டு, சீட்டுல அசையாம உக்காந்திருந்தா.

"எங்க வீட்டுக்காரரு டெப்போவுல இருக்காரு. எனக்கு ஓணாம்பட்டியில என்ன வேலை?"