சதா சகாய மாதாவின் கோல்கீப்பர்

கடற்காற்று இரவெல்லாம் அள்ளிவந்து மாதா கோயில் முற்றத்தில் கொட்டும் மணலை, பொழுது விடியுமுன் பெருக்கித் தள்ளுவது வில்னேரின் வழக்கம். புன்னைத்துறை ஊரார் யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவர் ஹைட்டி நாட்டவர்; பிழைப்பு கால்பந்தாட்டம். தாய்நாட்டைவிட்டுக் கிளம்பி டாக்காவில் ஆடினார், கொல்கத்தாவில் ஆடினார். முழங்கால் கெட்டதும் பெரிய கிளப்புகள் கைவிட்டன. குமரிக் கடற்கரையின் இந்தச் சிறு கிளப்புக்கு இரண்டாவது கோல்கீப்பராக வந்து சேர்ந்தார். மற்றவர்கள் ஆடும்போது வெளியே உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் எல்லாருடைய சேற்றுச் சட்டைகளையும் துவைத்துக் காயப்போடுவார்.

வந்த முதல் நாள் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பீடத்தில் சதா சகாய மாதாவின் படம். அவருடைய நாட்டுக்கே பாதுகாவலியான அதே அன்னை. கடல்களைத் தாண்டி வந்த இடத்திலும் தமக்கு முன்பே வந்து காத்திருந்தவளைக் கண்டு முழந்தாளிட்டு அழுதார். அன்று தொடங்கியது அந்த முற்றத்துத் தொண்டு. "சாமியாரே, பூசை முடிஞ்சா?" என்று உடன் ஆடுபவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அந்தச் சிரிப்பும் ஒருநாள் நின்றுபோனது. போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தில் அவருடைய மனைவி மிர்லான்ட் நிறைமாதமாக இருந்தார். துப்பாக்கிக் கும்பல்கள் நகரைத் தெருத்தெருவாகப் பிடித்துக்கொண்டு வந்தன. மிர்லான்டின் தெருவை நெருங்கிவிட்டார்கள் என்ற செய்திதான் கடைசியாக வந்தது. பிறகு மிர்லான்ட் போனை எடுக்கவில்லை. வில்னேருக்குச் சோறு இறங்கவில்லை. நடக்கும்போதும் படுக்கும்போதும் அதே எண்ணை அழுத்திக்கொண்டேயிருந்தார்.

அந்த நிலையில்தான் முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது. பயிற்சியாளர் தாசையன் வந்து சொன்னார்: "அரையிறுதிக்கு நீருதான் நிக்கணும் வோய். தோத்தா கிளப்பு உம்மள வச்சுக்கிடாது. விசாவும் அத்தோட தீந்துது. பாத்து நில்லும்."

திரும்பிப் போக அவருக்கு ஊர் இருந்தது. ஆனால் கும்பல்களின் துப்பாக்கிச் சூட்டில் அங்கே விமானம் இறங்க வழியில்லை. மனைவி இருக்கிறாரா என்பதே தெரியவில்லை. "அம்மா, அவளை நீ பாத்துக்கோ. பந்தை நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் வேண்டிவிட்டுக் களத்தில் இறங்கினார்.

இரு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடியப்போகும் அந்தி நேரம். எதிரணியின் ஜெனிஸ்டன் என்ற வாலிபர் பந்துக்காக எம்பியபோது கோல்கம்பத்தில் தலை மோதி விழுந்தார். பந்து உருண்டு அவருடைய கூட்டாளியின் காலுக்குப் போயிற்று. நடுவர் விசில் ஊதவில்லை. கூட்டம் முழுவதும் பந்தைப் பார்த்தது. வில்னேர் ஜெனிஸ்டனின் முகத்தைப் பார்த்தார். கண்கள் மேலே செருகி, மூச்சடைத்து முகம் கறுத்துக்கொண்டிருந்தது.

கோலை விட்டுவிட்டு ஓடினார். வாலிபரைப் பக்கவாட்டில் புரட்டி, தாடையை உயர்த்திப் பிடித்தார். பின்னால் பந்து வலையைத் தொட்டது. ஊரே கூச்சல் போட்டது. சிறிது நேரத்தில் அவருடைய கைகளுக்குள் ஜெனிஸ்டன் இருமி மூச்சை இழுத்தார்.

ஆட்டம் தோற்றது. "விலைபோயிட்டான்!" என்று மண்ணை வாரி எறிந்தார்கள். தாசையன் களத்துக்குள் ஓடிவந்தார். "பந்தப் பிடிக்கத்தானவோய் உம்மளக் கொண்டாந்தோம்? எதுக்கு அவன்கிட்ட ஓடுனீரு?"

வில்னேர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பந்து நாளைக்கும் பிடிக்கலாம், கோச். மூச்சு நாளைக்குப் பிடிக்க முடியாது."

மறுநாள் விடியலில் அறையைக் காலி செய்யச் சொல்லத் தாசையன் கோயிலுக்கு வந்தபோது, வில்னேர் போனைக் காதில் வைத்தபடி மணலில் மண்டியிட்டிருந்தார். உடல் குலுங்கிக்கொண்டிருந்தது. 'அந்தப் பொண்ணு போயிட்டா போல' என்று எண்ணித் தாசையன் அருகே ஓடினார்.

"என்னவோய்... என்ன ஆச்சு?"

வில்னேர் விக்கி விக்கிச் சொன்னார். பேசியது மிர்லான்ட்தான், ஒரு கன்னியர் மடத்துப் போனிலிருந்து. நேற்று இங்கே ஆட்டம் முடியப்போன அந்தி வேளை, அங்கே காலை. தெருமுனையில் சுடத் தொடங்கியபோது யாரோ ஒரு பெண் கதவைத் தட்டி, "வா மகளே" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாளாம். துப்பாக்கி ஏந்தி நின்றவர்களுக்கு நடுவே போனார்கள். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லையாம். மடத்து வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பியவளிடம், "நீங்க யாரு, எனக்கு எதுக்கு இவ்வளவு செய்றீங்க?" என்று மிர்லான்ட் கேட்டிருக்கிறார்.

"என் பிள்ளை கீழ விழுந்து கிடந்தப்போ உன் புருஷன்தான் ஓடிப்போய்த் தூக்கினார்" என்றாளாம் அந்தப் பெண். மடத்தார் கதவைத் திறந்து பார்க்கையில் தெருவில் யாரும் இல்லை. அங்கே நண்பகலில் பெண் குழந்தை பிறந்தது.

"'எந்தப் பிள்ளையைத் தூக்கினீங்க'ன்னு கேக்கறா, கோச்" என்று வில்னேர் விம்மினார். "நேத்து நடந்ததை அவகிட்ட யாரும் சொல்லலை."

தாசையன் செருப்பைக் கழற்றினார். வில்னேரின் தோளைப் பிடித்து எழுப்பி, "ரூம்லயே இரும் வோய். கிளப்புகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று சொன்னார், பிறகு பீடத்தை நோக்கிக் கைகூப்பினார்.

தம் துயரம் கழுத்தை நெரித்த வேளையிலும் பிறர் பெற்ற பிள்ளைக்காக ஓடிய வில்னேரின் அன்பு பெரிது. அந்த அன்பை அன்னை அறிந்திருந்தாள்.