தீர்த்தனின் அரை நாழிகை

ஏரிகள் கடலாய்க் கிடந்த முன்னொரு காலத்தில், நீச்சல் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் அரசர் ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் தலைநகரத்து ஏரியை மிக விரைவாகக் கடப்பவன் பெயரையும் நேரத்தையும் படித்துறைக் கல்லில் பொறிக்கச் செய்வார்.

ஓராண்டு, படகுக்காரி செம்பாயியின் மகன் தீர்த்தன் அரை நாழிகையில் கடந்தான். மற்றவர்கள் மேலே கையடித்துக்கொண்டிருக்க, அவன் மீனாய் அடித்தண்ணீரிலேயே போனான். மூச்சுக்காக நாலே நாலு முறை தலை தூக்கினான். அக்கரைப் படியைத் தொட்டான். தொட்ட கையோடு உயிர் போயிற்று.

பெயர் கல்லில் ஏறியது. காரியம் முடிந்த மறுநாளே செம்பாயி அரண்மனைக்கு வந்து, இனி எந்தப் பிள்ளையும் மூழ்கி நீந்தக் கூடாதென்று விதி செய்யும்படி அழுதாள். அரசரும் செய்தார்.

அமைச்சர் தருமசேனருக்கு அதில் ஒரு சந்து தெரிந்தது. தீர்த்தனுக்கு அடுத்த வேகக்காரன் அவருடைய மருமகன். மூழ்குவது நீச்சலே அல்ல என்றால் முன்பு மூழ்கி நீந்தியதும் செல்லாது, நடக்காததாகவே கொள்ள வேண்டும் என்று வாதாடி, ஆணைக்கு முத்திரையும் வாங்கிவிட்டார். பெயரை அழிக்க உளியோடு கல்தச்சன் வரப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

செம்பாயி, அரசவை விகடன் குப்பாண்டியின் வீட்டுக்கு ஓடினாள்.

"நான் கேட்ட விதிதானே சாமி. என் வாயாலயே எம்புள்ளைய அழிச்சிட்டேனா?"

குப்பாண்டிக்கு அன்று வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. நாளை அவைக்கு வந்து நில், நான் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவளை அவை நடுவே நிறுத்தி, அமைச்சரை வணங்கினான்.

"அமைச்சர் பெருமானே, இவள் மகனைத் தாங்கள் திருப்பித் தரவேண்டும்."

"இறந்தவனை நான் எங்கிருந்து தருவது?"

"எப்படி இறந்தானாம்?"

"ஊரறிந்ததுதானே. மூழ்கி நீந்தி இறந்தான்."

"அந்த நீச்சல் நடக்கவேயில்லை என்று தாங்களே முத்திரை வாங்கிவிட்டீர்களே. நீந்தாதவன் எப்படிச் சாவான்? உயிரோடுதான் இருக்கிறான். தேடி அழைத்து வாருங்கள், காத்திருக்கிறோம்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தவர் செம்பாயியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனார். தீர்த்தனின் பெயர் இருந்தபடியே இருக்கட்டும், அதன் கீழே ஒரு கோடு கிழித்து, மூழ்காமல் நீந்துகிறவர்களின் பெயர்களை அங்கிருந்து தொடங்குங்கள் என்றார். அமைச்சரின் மருமகன் கோட்டுக்குக் கீழே முதல் ஆளானான். குப்பாண்டியின் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

அரண்மனைப் படியிறங்கும்போது செம்பாயி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருங்க சாமி. ஆனா, உயிரோடதான் இருக்கான்னு சொன்னீங்க பாருங்க... அப்ப ஒரு நொடி நானும் வாசலப் பாத்துட்டேன்."

குப்பாண்டி மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான். ஏரிக்கரை வரை அவளோடு நடந்தான்.