மைனாவின் குரல்

காட்டு மடுவைச் சுற்றி நாணல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கு மடுவிலுள்ள முதலை கரையோரம் கிடக்கிறதா என்று தெரியாது. அதனால் கரையோர மருதமரத்தின் உச்சியில் ஒரு பறவை காவல் இருக்கும். விலங்குகள் நாணலுக்கு அப்பால் நின்று, "கரை காலியா?" என்று கேட்கும். மரத்திலிருந்து குரல் வந்தால் இறங்கலாம். குரல் வராவிட்டால் இறங்கக் கூடாது.

அந்தக் கோடையில் சொல்லழகன் என்ற மைனா காவலுக்கு வந்தது. 'வாயை மூடிக்கொண்டு உட்காரவா இவ்வளவு பேசக் கற்றேன்?' என்று அதற்கு ஒரே குறை.

ஒரு நண்பகலில் கருவிழி என்ற பெண்மான் வந்தது. "கரை காலியா?"

தாமரை இலைகளுக்கு நடுவே இரண்டு கண்கள் தெரிந்தன. மைனா பதறிப்போய், "இல்லக்கா, தாமரைப் பக்கம் முதலை கிடக்கு!" என்றது.

காற்றில் நாணல் சலசலத்தது. மானின் காதில் சொல் விளங்காமல் குரல் மட்டுமே விழுந்தது. அது இறங்கிவிட்டது. தண்ணீர் பிளந்தது. மான் துள்ளி உயிர் தப்பியது; பின்காலில் கொஞ்சம் சதை போயிற்று.

மைனா மானிடம் பறந்து போனது. "முதலை இருக்குன்னுதானே கத்தினேன்?"

"நீ என்னத்தைக் கத்துனியோ, யாருக்குத் தெரியும்? குரல் வந்துச்சு, இறங்கினேன்."

"அப்போ 'இல்லை'ன்னு சொன்னாலும் ஆமாம்தானா?"

"ஆமாம்தான். பாடினாலும் திட்டினாலும் ஆமாம்தான். சத்தமே இல்லாதது ஒண்ணுதான் 'இல்லை'. உன்னைப் பருந்து தூக்கிட்டுப் போயிட்டாலும் அந்த மௌனம் எங்களைக் காப்பாத்தும் தம்பி. உன் பேச்சு காப்பாத்துமா?"

மைனா அன்று இரை எடுக்கவில்லை. 'அக்காவுக்கு உதவ நினைத்தேனா, என் குரலைக் கேட்க ஆசைப்பட்டேனா?' என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தது.

மறுநாள் மான் நொண்டியபடி வந்தது. காயத்தின் சூட்டில் நாக்கு வறண்டிருந்தது. "கரை காலியா?"

முதலை மரத்தடிக்கே வந்து தலையைத் தூக்கியது. "என்ன சொல்லழகா, ஊமையாயிட்டியா? பாவம், தாகத்துல நிக்குது. முதலை இங்க கிடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். உண்மைதானே?"

பறந்து போய்ச் சொல்லலாம். ஆனால் கண்ணை எடுத்தால் முதலை எங்கே ஒளியும் என்று தெரியாது. தொண்டைவரை வந்த சொல்லை விழுங்கி, மைனா அலகை இறுக்கிக்கொண்டது.

"தம்பி, இருக்கியா? கரை காலியா?" மானின் குரல் கம்மியது.

மைனா அசையவில்லை. மான் நாணலுக்கு அப்பாலேயே படுத்துவிட்டது.

வெயில் ஏற ஏற முதலைக்கு அலுத்துப்போயிற்று. "பேசத் தெரியாத பயலே" என்று முனகிக்கொண்டு மடுவின் மறுகோடிக்கு நீந்திப்போய், மணல்திட்டில் ஏறிக் கண்ணயர்ந்தது.

மான் எழுந்து மீண்டும் கேட்டது. மைனா ஒரே ஒரு முறை "கீச்" என்றது. மான் இறங்கி வயிறு நிறையக் குடித்தது.

உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது. கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அறிந்து விடை சொல்ல வேண்டும்.