நிலா நிறத்துச் சாப்பாடு

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மதங்கநாட்டை மதிவாகனன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்ததும், முன்பல் ஒன்று கழன்று இலையில் விழுந்தது.

“விஷம்!” என்று அலறினார் சேந்தப்பர். ராஜாவின் காதைக் கடிப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர் அவர். ‘சந்திர வம்சத்து அரசர் நிலா நிறத்துச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும்’ என்று சொல்லி, சோறு, பால், வெண்ணெய், கற்கண்டு தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த இலையிலிருந்து ஒழித்துக்கட்டிய புண்ணியவான். “சமையற்காரன் இருளாண்டியின் வேலை இது! அவனை இங்கே சேர்த்துவிட்டதே நம் மந்திரிதான்!”

“வெட்டுங்கள் அவனை!” என்றார் ராஜா.

மந்திரி நல்லாதனார் பாய்ந்து குறுக்கே வந்தார். ஒரு பாவமும் அறியாதவன் தலை போகப்போகிறதே!

“மன்னா, சிறையில் ஒருவனுக்காவது பல் ஆடுகிறதா? கைதிகளின் சாப்பாட்டைத் தாங்கள் சாப்பிடுங்கள். தங்கள் சாப்பாட்டைச் சேந்தப்பர் தன் கையாலேயே சமைத்துச் சாப்பிடட்டும். தங்களுக்குக் குணமாகாவிட்டால், இருளாண்டி தலையோடு என் தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.”

“நானா? கைதிச் சாப்பாடா?” ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் இன்னொரு பல்லும் ஆடிக்கொண்டிருந்ததே! சரி என்றார். முடிவு தெரியும்வரை இருக்கட்டும் என்று இருளாண்டியைச் சிறையில் போட்டார்கள்.

கேழ்வரகுக் களி, பயறு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய். ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். மெல்ல மெல்ல ஈறு ஆறியது. சேந்தப்பரோ ராஜ போஜனத்தில் திளைத்தார்.

சில மாதம் கழித்து, சபையில் ராஜாவைப் புகழ வாய் திறந்தார் சேந்தப்பர். அவர் பல் எகிறிச் சிம்மாசனத்தின் காலடியில் விழுந்தது.

ராஜா துள்ளி எழுந்தார். “அடப்பாவி! இப்போது நீயேதானே சமைக்கிறாய்? விஷம் வைத்தவன் நீதானா?”

“ஐயோ பிரபு! சோறு, பால், வெண்ணெய், கற்கண்டு. சத்தியமாக வேறு எதையுமே நான் சேர்க்கவில்லை!”

“அதுதான் குற்றம், மன்னா,” என்றார் மந்திரி. “சோறும் கற்கண்டும் வெண்ணெயும் தெம்பு தரும். பாலும் பயறும் சதையை வளர்க்கும். ஈறைக் காப்பது கீரையும் நெல்லிக்காயும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. வேறு எதையுமே சேர்க்கக் கூடாது என்று இருளாண்டியின் கையைக் கட்டியவர் இவர்.”

“இல்லாத விஷத்துக்கு ஓர் உயிரை எடுத்திருப்பேனே!” என்று பதறினார் ராஜா. ஓடிப்போய்த் தானே சிறையைத் திறந்தார். மந்திரியின் கழுத்தில் தன் முத்துமாலையைப் போட்டார். சேந்தப்பரை, இருளாண்டிக்குக் கீரை ஆய்ந்துகொடுக்க மடைப்பள்ளிக்கு அனுப்பினார்.

தலை குனிந்து வந்து நின்ற சேந்தப்பரின் கையில் இருளாண்டி ஒரு நெல்லிக்காயை வைத்தான்.

“மெல்லக் கடிங்க ஐயா. பக்கத்துப் பல்லும் ஆடுது.”